எரிபொருள் விலையும் இலவசப் பயணமும்: ஒரு வரலாற்று நோக்கு

எரிபொருளின் விலை ஏறுந்தோறும் நம் நாட்டிலே உடன் ஏறுவது பஸ் கட்டணமாகும். 2022ஆம் ஆண்டு சனவரியில் 17 ரூபாவாக இருந்த ஆகக்குறைந்த கட்டணம், அவ்வாண்டு யூலை முதலாந் திகதி 40 ரூபாவாயிற்று. இத்தகைய காலங்களிற் பொதுப் போக்குவரத்தை அரசு இலவசமாக்க வேண்டுமா என்ற வினா எழுவது இயல்பே. இதனை வரலாற்றின் துணைகொண்டு அணுகுதல் பயனுடைத்து.

விலையேற்றத்தின் சுமையை மக்கள்மீது ஏற்றுவதன் விளைவை 1953ஆம் ஆண்டு காட்டிற்று. அரிசி மானியம் நீக்கப்பட்டு, ஒரு கொத்தரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. அதனோடு புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உயர்த்தப்பட்டன. பாடசாலை மதிய உணவு நிறுத்தப்பட்டது. ஓகஸ்ட் 12ஆந் திகதி நிகழ்ந்த ஹர்த்தாலை அரிசிப் போராட்டமாகவே நாம் நினைவுகூருகிறோம். ஆயின் உண்பதற்கும் பயணஞ் செய்வதற்கும் ஒருங்கே விலை கூடியமையே மக்களின் கோபத்தை வளர்த்தது. அவ்வாண்டு ஒக்டோபரிற் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

இதற்கு ஐந்தாண்டுகளுள், 1958 சனவரி முதலாந் திகதி, தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவாயிற்று. இலாபந் தரும் வீதிகளின் வருவாயைக்கொண்டு இலாபந் தராத கிராமத்து வீதிகளிலும் பஸ் ஓட்டலாம் என்பது இதன் அடிப்படைக் கருத்து. பயணம் ஒரு வணிகப் பொருளன்று, சமூகத் தேவை என்பதை அரசு ஏற்றுக்கொண்ட காலம் அது. எனினும் 1973-74இல் உலகச் சந்தையில் மசகெண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகியது. எண்ணெய் வளமற்ற நமது நாட்டின் அந்நியச் செலாவணி அதனாற் கரைந்தது. 1978இற் சபை பிராந்தியச் சபைகளாகப் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் வீதிக்கு வந்தன. கிராமத்து வீதியைத் தாங்கிய நகரத்து வருவாய் இவ்வாறு பங்குபோடப்பட்டது.

பிறநாட்டு அனுபவங்களையும் நோக்குதல் தகும். எஸ்தோனியத் தலைநகரான தாலினில், 2013 முதல் அந்நகரிற் பதிவுபெற்ற குடிகளுக்குப் பயணம் இலவசமாக்கப்பட்டது. லக்சம்பேர்க் 2020இல் நாடு முழுவதற்கும் இதனை விரித்தது. அங்கு பயணச்சீட்டு வருவாய் போக்குவரத்துச் செலவிற் பத்திலொரு பங்கிலுங் குறைவாகவே முன்னரும் இருந்தது. உக்ரேன் போரினால் எரிபொருள் விலை உயர்ந்த 2022இல், ஜேர்மனி மூன்று மாதங்களுக்கு மாதம் 9 யூரோ என்ற சலுகைச் சீட்டை வழங்கிற்று. ஏறத்தாழ 5 கோடியே 20 இலட்சம் சீட்டுகள் விற்பனையாயின. இந்நாடுகளில் வரிப்பணமே போக்குவரத்தைப் பெரிதுந் தாங்குகின்றது. நம் வீதிகளில் ஓடும் பஸ்களுட் பெரும்பாலானவை தனியாருடையவை; அவற்றின் உரிமையாளருக்கும் ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் அன்றன்று சேருங் கட்டணமே சீவனம். இவ்வேறுபாட்டை மறந்து அந்நாட்டு உதாரணங்களை அப்படியே இங்குக் கொணர்தல் பொருந்தாது.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. 1990களின் முற்பகுதியில், எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த யாழ்ப்பாணத்திலே, பழைய கார்கள் சிறிதளவு பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. ஏனையோருக்குச் சைக்கிளே கதியாயிற்று. 2022இல் நாடெங்கும் எரிபொருள் வரிசைகள் நீண்டபோது, பல பாடசாலைகள் மூடப்பட்டன. வண்டியே ஓடாத வீதியிற் கட்டணம் இலவசமானால் என்ன, இரட்டிப்பானால் என்ன? ஆதலால் நெருக்கடிக் காலத்தில் முதலிற் பாதுகாக்கப்பட வேண்டியது பஸ்ஸுக்குரிய டீசலாகும். கட்டணம் பற்றிய வினா அதற்கு அடுத்ததே.

அவ்வாறாயின் கட்டணத்தை அப்படியே விட்டுவிடலாமா? விடலாகாது. அனைவருக்கும் நிரந்தரமாக இலவசம் என்பதை நமது திறைசேரி தாங்காது. ஆயின் விலையேற்றக் காலத்தில் மாணவருக்கும் நாட்கூலி பெறுவோருக்குமேனும் பயணத்தை இலவசமாக்கி, அச்செலவை அரசே ஏற்றல் இயலும். மாணவருக்குரிய சலுகைப் பருவச்சீட்டு இன்றும் உண்டு. அரச பஸ் செல்லாத ஊரில் அது வெறுங்கடதாசியாகி விடுகின்றது. தனியார் பஸ்களும் அச்சீட்டை ஏற்று, அதற்குரிய தொகையை அரசிடமிருந்து பெற வழிசெய்தல் முதற்படியாகும்.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியின் பயனாகவே நம்மிற் பலர் இப்பல்கலைக்கழக வாயிலை எட்டினோம். அக்கல்வி வகுப்பறை வாயிலிலன்று, வீட்டுப் படலையிலிருந்தே தொடங்குகின்றது. படலைக்கும் வகுப்பறைக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்கப் பணமின்றி ஒரு பிள்ளை வீட்டில் தங்குமாயின், கல்வி இலவசம் என்று நாம் பெருமை பேசுவதிற் பொருளில்லை.