கஞ்சித் தொட்டியும் கல்லூரியும்

வடசென்னையில் வாழும் முதியோரிடம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டால், அவருட் பலர் அதனைக் 'கஞ்சித் தொட்டி ஆசுபத்திரி' என்றே குறிப்பர். கல்வெட்டிலும் ஏட்டிலும் இல்லாத இப்பெயர் மக்கள் நாவில் தலைமுறை தலைமுறையாக நின்று நிலவுகின்றது. கற்றோர் சிலர் இதனை இழிவுப் பெயர் எனக் கருதி ஒதுக்குவர். மாநிலத்தின் ஆளுநராக இருந்த ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கும் கல்லூரிக்குக் கஞ்சியின் பெயர் எதற்கு என்பது அவர் கருத்து. ஆயின், ஒரு நிலையத்தின் வரலாற்றை அரசின் ஆணைகள் மட்டும் காப்பதில்லை. மக்கள் இட்ட பெயரும் காக்கின்றது. அப்பெயரின் வழியே சென்று, இக்கல்லூரிக்கும் அதனைச் சூழ வாழும் மக்களுக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபு

உணவும் மருந்தும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் அமைவது தமிழகத்திற்குப் புதியதன்று. புகார்த் துறைமுக நகரில் 'உலகவறவி' என்னும் அம்பலத்தில் பசித்தோரும் பிணியுற்றோரும் தங்கினர் என்பதையும், மணிமேகலை அமுதசுரபி ஏந்தி அங்கே உணவளித்தாள் என்பதையும் சாத்தனார் காப்பியத்தால் அறிகின்றோம். பசியையும் அவர் பிணி என்றே கருதினார். பாலாற்றங்கரையில் உள்ள திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கி.பி. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு, மாணவர் தங்கிப் பயின்ற கல்விச் சாலையையும், 'வீரசோழன்' என்னும் பெயருடைய ஆதுலர் சாலையையும் ஒருங்கே குறிக்கின்றது. நோயாளர்க்குப் பதினைந்து கட்டில்கள் அங்கு இருந்தன. மருத்துவர்க்கும் மருந்து கொணர்வோர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டிருந்தது.

நாம் எடுத்துக்கொண்ட நிலப்பகுதியிலேயே திருவொற்றியூர்க் கோயில் உள்ளது. அங்கிருந்த மடங்களையும், இலக்கணம் பயிற்றுவதற்கென அமைந்த 'வியாகரணதான வியாக்கியான மண்டபத்தையும்' சோழர் காலத்துக் கல்வெட்டுகள் கூறுகின்றன. கல்வி நிலையம் ஊரோடு ஒட்டி வாழ்வது இப்பகுதியின் பழைய வழக்கம் என்பதற்கு இதுவே சான்றாகும். இம்மரபே நேராக வளர்ந்து பிற்காலத்துக் கல்லூரியாயிற்று என்று நாம் கூறவில்லை. தேவை ஒன்றாயின் அமைப்பும் ஒத்து அமையும் என்பதே நாம் சுட்ட விரும்புவது.

மணியக்காரர் சத்திரம்

1780ஆம் ஆண்டில் ஐதர் அலியின் படை கருநாடகப் பகுதியுள் புகுந்தது. ஊர்கள் எரிந்தன; வயல்கள் பாழ்பட்டன. உழவர் கூட்டம் கூட்டமாகச் சென்னையை நோக்கி வந்தனர். நகரில் உணவு அருகிற்று. 1782இல் பஞ்சம் முற்றிற்று. அப்பொழுது, கருப்பர் நகரம் என வழங்கிய பகுதியின் வடமதிலுக்கு அப்பால் ஏழைகட்குக் கஞ்சி வார்க்கும் சத்திரம் ஒன்று எழுந்தது. அது 'மணியக்காரர் சத்திரம்' எனப் பெயர் பெற்றது. மணியக்காரர் என்பது ஊர் மேற்பார்வையாளரைக் குறிக்கும் தமிழ்ச்சொல். ஆங்கிலேயர் நாவில் அது 'மோனிகர்' எனத் திரிந்தது.

தொட்டி என்பது நீரோ கூழோ நிறைக்கும் பெருங்கலத்தைக் குறிக்கும். கஞ்சி நிறைந்த தொட்டியின் பெயர் அது வைக்கப்பட்ட இடத்திற்கு ஆகி வந்தது. இடவாகுபெயரின் மறுதலையாகிய தானியாகுபெயர் போல்வது இது எனலாம். பஞ்சத்திலும், நெசவாளர் தறி நின்றுபோன காலங்களிலும் 'கஞ்சித் தொட்டி திறத்தல்' என்னும் வழக்கு தமிழகமெங்கும் நிலைபெற்றமை யாவரும் அறிந்ததே.

பசியால் மெலிந்து வந்தவர் பலர் நோயுற்றும் இருந்தனர். அவர்க்குக் கஞ்சி மட்டும் போதவில்லை. ஆதலின், 1799இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவரின் முயற்சியால் சத்திரத்தை ஒட்டி மருத்துவமனை ஒன்று தோன்றியது. 1808இல் சத்திரமும் மருத்துவமனையும் அரசின் பொறுப்பில் வந்தன. இங்கு ஒன்று கருதத்தக்கது: மருத்துவமனைக்குப் பின் உணவுக்கூடம் அமைவதே நாம் இன்று காணும் முறை. இராயபுரத்திலோ உணவுக்கூடம் முன்னது, மருத்துவமனை பின்னது, கல்லூரி அதற்கும் பின்னது. இவ்வரிசையை மறந்தால் இக்கல்லூரியின் இயல்பை உணர இயலாது.

பெரும்பஞ்சமும் மருத்துவப் பள்ளியும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும்பஞ்சத்தில் மாண்டோர் தொகை ஐம்பது இலட்சத்திற்கும் மேற்பட்டது என மதிப்பிடுவர். அக்காலத்தில் இராயபுரத்தை ஒட்டிய கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்து கிடந்தன. அம்மூட்டைகளுக்கு அருகிலேயே மக்கள் பட்டினியால் வீழ்ந்தனர். இந்திய அரசு அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோர்க்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமே போதும் என அளவைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த கார்னிஷ் என்னும் மருத்துவர் அதனை வன்மையாக எதிர்த்தார். உழைக்கும் உடல் அவ்வளவு உணவால் நிலைக்காது என்பதை மருத்துவ அறிவைக்கொண்டு வாதித்தார். 1877இலேயே சென்னை அரசு அவ்வளவை உயர்த்திற்று. மருத்துவ அறிவு ஏழையின் கலத்தில் விழும் சோற்றின் அளவுக்காகப் பேசிய அரிய நிகழ்ச்சி இஃதாகும்.

அதே 1877ஆம் ஆண்டில் இராயபுரத்தில் துணை மருத்துவப் பள்ளி தொடங்கியது. பஞ்சமே பள்ளியைத் தோற்றுவித்தது என்று துணிதல் பொருந்தாது. எனினும், பஞ்சத்தின் நடுவே, பஞ்சத்தாற் பிறந்த இடத்தில், மருத்துவக் கல்வி கால்கொண்டது என்பதை மறுத்தற்கில்லை. 1880இல் சவலை இராமசாமி முதலியாரின் கொடையால் இராயபுரத்தில் மகப்பேற்று மருத்துவமனை எழுந்தது. அது பின்னர்க் கல்லூரியுடன் இணைந்து, இன்றும் அவ்வள்ளலின் பெயரால் வழங்குகின்றது.

இராயபுரத்துப் பள்ளியில் பயின்றோர் எல்.எம்.பி. என்னும் தகுதி பெற்றுச் சிற்றூர்களிலும் சிறுநகரங்களிலும் பணியாற்றினர். 1933இல் ஐந்தாண்டுப் பயிற்சி தொடங்கியது. ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயரைப் பெற்ற பள்ளி, 1938 ஜூலை 2ஆம் நாள் கல்லூரியாக உயர்ந்தது.

துறைமுகமும் தொழிற்சாலையும்

கல்லூரி வளர்ந்த காலத்தில் அதனைச் சூழ்ந்த ஊரும் மாறிற்று. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்குப் புறப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகம் கட்டப்பட்டது; பெரம்பூரில் பஞ்சாலைகள் எழுந்தன. 1948இல் எண்ணூரில் மோட்டார் வண்டித் தொழிற்சாலையும், 1950களில் திருவொற்றியூரில் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையும் தோன்றின. மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும், எண்ணூரில் அனல் மின்நிலையமும் பின்னர் வந்தன. மூட்டை சுமப்போரும், பட்டறைத் தொழிலாளரும், காசிமேட்டு மீனவரும் ஒருங்கே வாழும் பகுதியாக வடசென்னை ஆயிற்று.

பஞ்சகாலத்தில் கல்லூரி வாயிலுக்கு வந்தது பசி. தொழிற்காலத்தில் வந்தது புண். அச்சு எந்திரத்தில் நசுங்கிய விரல், கயிற்றில் சிக்கிய மணிக்கட்டு, உலையில் வெந்த உள்ளங்கை ஆகியவை அறுவை மருத்துவரின் முன் நாள்தோறும் வந்தன. கையால் உழைத்து உண்பவனுக்குக் கை போயிற்றென்றால் குடும்பத்தின் அடுப்பும் அணைந்தது என்பதே பொருள். எனவே, புண் ஆறினாற் போதாது. கை மீண்டும் தொழில் செய்தல் வேண்டும். இத்தேவையை உணர்ந்து, பேராசிரியர் இரா. வேங்கடசாமி 1970களில் இக்கல்லூரியில் கை அறுவை மருத்துவத்திற்கெனத் தனித்துறையை வளர்த்தார். அது ஆராய்ச்சியும் மறுவாழ்வும் இணைந்த நிலையமாக இந்தியா முழுதும் புகழ்பெற்றது. 2018 பிப்ரவரியில், மின்சாரத்தால் இருகைகளையும் இழந்த கட்டடத் தொழிலாளி ஒருவர்க்கு, இறந்தவரின் கைகள் அங்குப் பொருத்தப்பட்டன. அரசு மருத்துவமனை ஒன்றில் இத்தகைய அறுவை நிகழ்ந்தது பெருஞ்சாதனையாகப் போற்றப்பட்டது.

கடன் யாருடையது?

இதுகாறும் கூறியவற்றால் கல்லூரி மக்கட்குத் தந்ததைக் கண்டோம். மக்கள் கல்லூரிக்குத் தந்தது யாது என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. வரலாற்று நூல்கள் இதனைப் பெரும்பாலும் கேட்பதில்லை.

மருத்துவம் ஏட்டால் மட்டும் பயிலத்தக்கதன்று. மாணவன் முதன்முதலில் நாடி பார்க்கும் கை ஓர் ஏழையின் கை. அவன் முதன்முதலில் தைக்கும் புண் ஒரு கூலித் தொழிலாளியின் புண். கை அறுவையின் நுட்பங்களை இக்கல்லூரி மருத்துவர்க்கு விளக்கியவை வடசென்னைத் தொழிலாளரின் நைந்த விரல்களே. ஆதலின், இம்மக்களை அறம் பெறுவோர் எனக் கொள்வது முழு உண்மையாகாது, அவர் ஆசிரியருமாவர். கல்லூரி அவர்க்குச் செய்யும் பணியைக் கொடை என்பதினும் கடன் என்பதே பொருந்தும்.

இவ்வுண்மையை அரசுக் குழுக்களும் ஒருவாறு உணர்ந்தன. 1946இல் அறிக்கை தந்த போர் குழு, மருத்துவ மாணவர்க்கு நோய்த்தடுப்பிலும் சமுதாய மருத்துவத்திலும் பயிற்சி வேண்டும் என வற்புறுத்திற்று. 1977இல் தொடங்கிய கல்விச் சீரமைப்புத் திட்டம், ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஊராட்சி ஒன்றியங்களின் நலத்தை ஏற்க வேண்டும் என்றது. அண்மையில், மாணவர் குடும்பங்களைத் தத்தெடுத்து அவர்தம் நலத்தைக் கவனிக்கும் முறை பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. மதிலுக்கு வெளியே செல்க என்பதே இவை அனைத்தின் கருத்து. மதிலுக்கு வெளியே பிறந்த இக்கல்லூரிக்கு இது புதிய பாடம் அன்று.

ஈண்டு ஒரு தடை எழலாம். சத்திரத்துக் கஞ்சி இரக்கத்தால் மட்டும் வார்க்கப்பட்டதன்று. பசித்தோர் நகர்த் தெருக்களில் திரியாதவாறு ஓரிடத்தில் நிறுத்தும் நோக்கமும் ஆள்வோர்க்கு இருந்தது என்பர். அஃது உண்மையே. ஆயினும் ஆள்வோரின் நோக்கம் மறைந்தது. மக்களின் உரிமை நின்றது. 'எங்கள் ஆசுபத்திரி' என்னும் உரிமையோடு அவர் இன்றும் அவ்வாயிலுள் நுழைகின்றனர்.

அவ்வுரிமைக்கு இன்றும் வேலை உண்டு. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபொழுது, சென்னை மாநகராட்சி மண்டலங்களுள் இராயபுரம் தொடக்கத் திங்களில் மிகுதியாகத் தாக்குண்டது. ஸ்டான்லி மருத்துவமனை அப்போரின் முன்னணியில் நின்றது. 2023 டிசம்பரில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. அத்திங்கள் 26ஆம் நாள் நள்ளிரவில் அம்மோனியா வளி கசிந்து, மூச்சுத் திணறிய மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். பசிக்கும் புண்ணுக்கும் அடுத்து இன்று காற்றும் நீரும் நோயாகி வருகின்றன. 1877இல் சோற்றின் அளவுக்காக மருத்துவ அறிவு பேசியது போல, மக்கள் மூச்சின் தூய்மைக்காகவும் அது பேசுதல் வேண்டும். நோய் வந்தபின் மருந்து தருதல் மருத்துவமனையின் கடமை. நோய் வரும் வழியை ஆராய்ந்து உரைத்தல் கல்லூரியின் கடமை.

முடிவாக, கஞ்சித் தொட்டி என்னும் பெயர் இழிவுப் பெயரன்று என்பது நம் துணிபு. பசித்தவனுக்காக இவ்விடம் தோன்றிற்று என்பதற்கு அஃதோர் உரிமைச் சீட்டு. ஆளுநரின் பெயர் வாயிலில் நிற்க. மக்கள் இட்ட பெயர் கல்லூரியின் நெஞ்சில் நிற்பதாக.