மலைக்காற்றா, மலைப்பாதையா?



போளூரில் நான் வேலை பார்த்த காலத்தில், விளையாட்டு விழா என்றால் ஜவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள்தான் ஓட்டத்தில் முந்துவார்கள். "மலைக்காத்து குடிச்ச புள்ளைங்க, ஓடாம என்ன பண்ணுவாங்க?" என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அது சரியா என்று ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன்.

இந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவியது 1968 மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில். அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரம். அங்கும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் காற்றழுத்தம் குறைவதால், ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கிட்டத்தட்ட கால் பங்கு குறைந்துவிடும். 10,000 மீட்டரில் உலக சாதனை வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் ஆறாவதாக வந்து, முடிவுக்கோட்டில் மயங்கி விழுந்தார். அதே மைதானத்தில் அமெரிக்காவின் லீ எவன்ஸ் 400 மீட்டரை 43.86 வினாடியில் ஓடினார். அந்தச் சாதனை 1988 வரை நின்றது.

ஏன் இந்த வித்தியாசம்? வகுப்பில் 'காற்றில்லா சுவாசம்' நடத்தினேனே, நினைவிருக்கிறதா? குறுகிய ஓட்டத்தில் தசை ஆக்சிஜனுக்காகக் காத்திருக்காது. தன்னிடம் உள்ள சேமிப்பை வைத்தே பெரும்பகுதி சமாளிக்கும். லாக்டிக் அமிலம் சேரும்; கால் கனக்கும். போதாக்குறைக்கு, மெல்லிய காற்று ஓடுபவரை எதிர்த்துத் தள்ளுவதும் குறைவு.

அதன்பின் உயரமான இடத்தில் பயிற்சி எடுப்பது பெருகியது. நம் நாட்டிலும் இமாச்சலப் பிரதேசத்தின் ஷிலாருவில் அப்படி ஒரு மையம் உண்டு. 1997-இல் லெவின், ஸ்ட்ரே-கண்டர்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள், மேலே தங்கிக் கீழே இறங்கிப் பயிற்சி செய்வது நல்லது என்று காட்டினார்கள். இப்போது ஆக்சிஜனைக் குறைத்த அறைக்குள் எடை தூக்கவும் வைக்கிறார்கள். சில ஆய்வுகளில் தசைவலு கூடியது. சிலவற்றில் சாதாரண அறையில் தூக்கியவர்களுக்கும் அதே பலன்தான்.

இனி நம் மலைக்கு வருவோம். காவலூர் வானாய்வகம் இருக்கும் இடம் சுமார் 725 மீட்டர். இந்தப் பயிற்சிக்கு 2,000 மீட்டருக்குமேல் வேண்டும் என்கிறார்கள். ஆக, நான் மேடையில் சொன்னது தப்பு.

அந்தப் பிள்ளைகளை ஓட வைத்தது காற்று இல்லை. பஸ் போகாத ஊர்களுக்கு விறகுச் சுமையோடும் தண்ணீர்க் குடத்தோடும் ஏறி இறங்கிய பாதைதான் அவர்களுடைய எடைப்பயிற்சி. அவர்கள் உழைப்பால் ஜெயித்ததை நான் காற்றின் கணக்கில் எழுதிவிட்டேன்.

மலையிலிருந்து வந்து என்னிடம் படித்தவர்கள் இதைப் படித்தால், வாத்தியாரை மன்னியுங்கள். தினமும் எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். என் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.