கிந்தனார் முதல் மண்டேலா வரை: நம்ம காமெடி யாரைப் பார்த்துச் சிரிக்குது?

ஐயப்பன்தாங்கல்ல இருந்து பேசுறேன். நடுவுல ஹாரன் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, பஸ் டிப்போ பக்கத்துலதான் வீடு.

ஸ்கூல்ல எங்க வகுப்புல ஒரு பையன். கறுப்பா, கொஞ்சம் குண்டா இருப்பான். அவனுக்கு நாங்க வச்ச பேரு 'செந்தில்'. படத்துல கவுண்டமணி செந்திலைத் திட்டுற மாதிரியே திட்டுவோம், தலையில தட்டுவோம். அவனும் சிரிப்பான். இந்த எபிசோடுக்குத் தயாராகும்போதுதான் உறைச்சது: அவனோட நிஜப் பேரு எனக்கு ஞாபகம் இல்ல.

தமிழ் காமெடிக்கும் அரசியலுக்கும் உள்ள உறவைப் பேசணும்னா 1949-ல இருந்து ஆரம்பிக்கலாம். அந்த வருஷம் 'நல்லதம்பி' வந்தது. கதை, வசனம் அண்ணாதுரை. நாயகன் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். 1936-ல வந்த ஒரு ஹாலிவுட் காமெடியைத் தழுவின படம். அதே வருஷம் செப்டம்பர்லதான் அண்ணா திமுகவைத் தொடங்குறார்.

அந்தப் படத்துல கலைவாணர் ஒரு கதாகாலட்சேபம் செய்வார், 'கிந்தனார்' கதை. நந்தனார் கதை அப்போ எல்லாருக்கும் தெரியும்: சிதம்பரத்துக்குப் போகத் தவிச்ச பண்ணையாள், கடைசியில தீயில இறங்கிப் புனிதமாகி நடராஜரை அடைகிறார். கலைவாணர் அதே காலட்சேப வடிவத்தை எடுத்துக்கிட்டு முடிவை மட்டும் மாத்துறார். கிந்தன் தீயில இறங்கல. பட்டணம் போய்ப் படிச்சு, அதிகாரியா ஊருக்குத் திரும்புறான். சாதாரண கிந்தன் 'கிந்தனார்' ஆவது படிப்பால. ஜனங்க சிரிச்சாங்க. ஆனா அந்தச் சிரிப்பு கிந்தன் மேல விழல. அவனை வெளியே நிறுத்தின ஊர் மேல விழுந்தது.

அதுக்கப்புறம் நடந்தது கலப்படம். 80, 90-கள்ல கவுண்டமணி வாய்க்குப் பண்ணையாரும் தப்பல, அரசியல்வாதியும் தப்பல. ஆனா அதே வாய் செந்திலோட நிறத்தையும் உருவத்தையும் விடல. அதிகாரத்தைக் கிண்டல் பண்ணக் கத்துக் கொடுத்த அதே படங்கள்தான், எங்களுக்கு அந்தப் பையனைக் கிண்டல் பண்ணவும் கத்துக் கொடுத்தது. ரெண்டுமே உண்மை.

இப்போ 2021-க்கு வருவோம். சட்டமன்றத் தேர்தலுக்கு ரெண்டு நாள் முன்னாடி, ஏப்ரல் 4, மடோன் அஸ்வினோட 'மண்டேலா' நேரடியா டிவியில வந்தது. நாயகன் யோகி பாபு, பல படங்கள்ல முகத்துக்காகவே கிண்டல் வாங்கினவர். இதுல அவர் முடிதிருத்துறவர். ஊர் அவரை 'இளிச்சவாயன்'னு கூப்பிடும். அவருக்கே நிஜப் பேரு தெரியாது. தபால் ஆபீஸ்ல கணக்குத் தொடங்கப் பேரு வேணும். அங்க வேலை பார்க்கிற பெண் வைக்கிற பேருதான் நெல்சன் மண்டேலா. பேரு வந்ததும் ஓட்டும் வருது. ரெண்டு சாதியா பிரிஞ்ச ஊர்ல, பஞ்சாயத்துத் தேர்தலைத் தீர்மானிக்கிறது அந்த ஒத்த ஓட்டு.

திடீர்னு கையில பிடி கிடைச்ச சாமானியன் என்ன கேட்பான்? எகிப்துல 1992-ல வந்த 'பயங்கரவாதமும் கபாபும்' படத்துலயும் இதே கேள்விதான். ஆதில் இமாம் குழந்தைங்க ஸ்கூல் மாற்றலுக்காகக் கெய்ரோவோட பெரிய அரசு அலுவலகத்துக்கு அலைவார். எதிர்பாராம துப்பாக்கி கைக்கு வந்து, அங்க இருக்கிறவங்க பணயக் கைதிகளாகிடுறாங்க. கோரிக்கை என்னன்னு அரசாங்கம் கேட்டா, முதல்ல வர்றது கபாப்! மண்டேலாவும் முதல்ல இலவசங்களை வாங்கிக் குவிப்பார். அப்புறம்தான் ஊருக்கு ரோடு, பள்ளிக்கூடம்னு கேட்க ஆரம்பிப்பார். ரெண்டு படத்துலயும் நாம சிரிக்கிறது அந்த ஆளைப் பார்த்து இல்ல, அவர் முன்னாடி திணறுற அதிகாரத்தைப் பார்த்து.

கிந்தனாருக்கும் மண்டேலாவுக்கும் நடுவுல 72 வருஷம். ஒருத்தருக்கு மரியாதை கிடைச்சது படிப்பால, இன்னொருத்தருக்கு ஓட்டால.

பழைய வகுப்பு நண்பர்கள் மூணு பேருக்கு போன் போட்டு அந்தப் பையன் பேரைக் கேட்டேன். மூணு பேரும் ஒரே பதில்தான் சொன்னாங்க: "யாரு, நம்ம செந்திலா?"

இன்னும் தேடிக்கிட்டிருக்கேன். உங்க வகுப்புலயும் ஒருத்தர் இருந்திருப்பார். அவர் நிஜப் பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?