ரெண்டு அங்குலம் – ஒரு பாம்பர் காக்பிட்டின் கதை

ரெண்டாம் உலகப்போர் விமானம்னு பேச்சு வந்தா நம்ம ஆளுங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஸ்பிட்ஃபயர். கொஞ்சம் ஆர்வம் உள்ளவங்க லங்காஸ்டர் பாம்பரைச் சொல்லுவாங்க. அந்த லங்காஸ்டர் கூடவே ஜெர்மனி மேல ராத்திரி ராத்திரியா பறந்த இன்னொரு நாலு இன்ஜின் பாம்பர் உண்டு. பேரு ஹேலிஃபாக்ஸ். ஹேண்ட்லி பேஜ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் தயாரிப்பு. மொத்தம் 6,000க்கும் மேல் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் ஏழு பேர். பெரும்பாலும் இருபதைச் சுத்தின வயசுப் பசங்க.

போர் முடிஞ்சதும் என்ன ஆச்சு? எல்லாத்தையும் உடைச்சு உருக்கிட்டாங்க. அலுமினியத்துக்கு அப்போ அவ்வளவு கிராக்கி. பாத்திரம் பண்டமா மாறினது எத்தனையோ! இத்தனை ஆயிரம் விமானம் செஞ்ச நாட்டுல, ஞாபகத்துக்குன்னு ஒரே ஒரு முழு ஹேலிஃபாக்ஸைக் கூட யாரும் எடுத்து வைக்கலை.

சரி, கதைக்கு வருவோம்.

ஸ்காட்லாந்துக்கு மேற்கே லூயிஸ்னு ஒரு தீவு. அங்கே ஸ்டோர்னோவேயில் 1945ல் விபத்துக்குள்ளான ஒரு ஹேலிஃபாக்ஸின் (எண் எச்.ஆர்.792) உடல் பகுதித் துண்டு ஒன்று பக்கத்தில் இருந்த ஒரு விவசாயி கைக்குப் போனது. அவர் அதை என்னவா வச்சிருந்தார் தெரியுமா? கோழிக்கூண்டா! :-) காத்தும் மழையும் ஓயாத ஊர்ல கோழிகளுக்கு அருமையான வீடு. சிரிப்பா இருந்தாலும், அந்தக் கோழிகள் இல்லேன்னா அந்தத் துண்டும் உருகிப் போயிருக்கும்.

1980களில் இங்கிலாந்தின் யார்க் நகருக்குப் பக்கத்தில் உள்ள எல்விங்டனில், பழைய விமானதளத்தில் யார்க்ஷயர் விமான அருங்காட்சியகத்தை ஆரம்பிச்சாங்க. அங்கிருந்த தன்னார்வலர்கள் இந்தக் கோழிக்கூண்டை வச்சு ஒரு முழு ஹேலிஃபாக்ஸ் கட்டலாம்னு கிளம்பினாங்க. கேட்கிறவங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாத்தான் தெரிஞ்சிருக்கும். செஞ்ச கம்பெனியைப் போய்க் கேட்கலாம்னா அது 1970லேயே திவால். இறக்கைக்கு, அதே கம்பெனி பின்னாளில் செய்த ஹேஸ்டிங்ஸ் என்ற போக்குவரத்து விமானத்தின் இறக்கையை எடுத்தாங்க. இன்ஜின்கள் பிரான்ஸின் விமானப்படையிடமிருந்து வந்தன. அவங்க ஏன் கொடுக்கணும்? 1944ல் இதே எல்விங்டனில் இருந்துதான் ரெண்டு பிரெஞ்சு ஸ்குவாட்ரன்கள் ஹேலிஃபாக்ஸ் ஓட்டின. அந்த உறவு விட்டுப் போகலை.

கஷ்டம் எல்லாம் மூக்குப் பகுதியில்தான். கோழிக்கூண்டுல காக்பிட் கிடையாதே! வரைபடங்களைப் பார்த்துப் புதுசா செய்யணும். ரிவெட் அடிப்பது சும்மா இல்லை. வெளியே ஒருத்தர் துப்பாக்கி மாதிரி கருவியால் அடிக்க, உள்ளே இன்னொருத்தர் இரும்புக் கட்டையை அணைச்சுப் பிடிக்கணும். ரெண்டு பேருக்கும் தாளம் தப்பினால் தகடு நசுங்கிடும். ஆயிரக்கணக்குல அடிக்கணும். மீட்டர்களில் மட்டும் ஒரு சௌகரியம். வேகம், உயரம், திசை காட்டும் ஆறு மீட்டர் கொண்ட பலகை அந்தக் கால பிரிட்டிஷ் விமானங்கள் பலவற்றுக்கும் பொது. ஆனா இருட்டில் ஒளிர அதில் பூசிய சாயத்தில் ரேடியம் இருக்கும். கதிர்வீச்சு இன்னும் போகலை. பார்த்துத்தான் கையாளணும்.

பத்து வருஷத்துக்கு மேல் உழைச்சு, 1996 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை அன்று விமானத்தை வெளியே தள்ளிக்கிட்டு வந்தாங்க. அந்த நாளை வேணும்னுதான் தேர்ந்தெடுத்தாங்க. வெள்ளைக்காரங்களுக்கு 13ஆம் தேதி வெள்ளிக்கிழமை நம்ம அஷ்டமி நவமி மாதிரி. போர்க்காலத்தில் எல்.வி.907 என்ற ஹேலிஃபாக்ஸுக்கு அதையே பேராக வச்சு, தலைகீழ் லாடம், மண்டை ஓடு எல்லாம் வரைஞ்சிருந்தாங்க. நம்ம லாரிகளில் திருஷ்டி பொம்மை கட்டுற கணக்குதான். அது 128 முறை குண்டுவீச்சுக்குப் போய்த் திரும்பியது. கடைசியில் அதுவும் பழைய இரும்புக் கடைக்குத்தான் போச்சு. அதன் பேரும் வேஷமும்தான் இப்போ எல்விங்டன் விமானத்துக்கு.

"இறக்கை வேற, இன்ஜின் வேற, மூக்கு புதுசு. இது எப்படி உண்மையான ஹேலிஃபாக்ஸ் ஆகும்?"னு கேட்கலாம். நியாயமான கேள்வி. உலகத்தில் முழு வடிவில் ஹேலிஃபாக்ஸ் மூணுதான். லண்டன் ஹெண்டனில் ஒன்று. 1942ல் டிர்பிட்ஸ் கப்பலைத் தாக்கப் போய் நார்வே ஏரியில் இறங்கி, 1973ல் எடுக்கப்பட்டது. அதைச் சிதைஞ்ச நிலையிலேயே விட்டு வச்சிருக்காங்க. இன்னொன்று 1945 ஏப்ரலில், போர் முடிய ரெண்டு வாரம் இருக்கும்போது, நார்வேயின் மியோசா ஏரியில் விழுந்தது. பின்பக்கத் துப்பாக்கி வீரர் ஒருத்தர்தான் பிழைத்தார். 1995ல் ஏரியின் ஆழத்திலிருந்து எடுத்து, கனடாவின் டிரென்டனில் தன்னார்வலர்கள் 2005 வாக்கில் சீரமைச்சு முடிச்சாங்க. சிதைஞ்சது ஒன்று, சீரமைச்சது ஒன்று, ஒட்டுப்போட்டது ஒன்று. சுத்தம் பார்க்கிறவங்க ஹெண்டன்தான் உசத்தின்னு சொல்லுவாங்க. நான் எல்விங்டன் கட்சி. ஏன்னு சொல்றேன்.

இயற்பியல் மேதை ஃப்ரீமன் டைசன் (2020ல் மறைந்தார்) 19 வயசுல, 1943ல், பிரிட்டிஷ் பாம்பர் கமாண்டில் புள்ளிவிவர வேலைக்குச் சேர்ந்தார். சுட்டு வீழ்த்தப்பட்ட விமானங்களில் இருந்து எத்தனை பேர் உயிரோடு குதிச்சாங்கன்னு கணக்குப் பார்த்தாங்க. ஹேலிஃபாக்ஸில் நூற்றுக்குச் சுமார் 25 பேர். அதைவிட நல்ல விமானம்னு பேர் வாங்கின லங்காஸ்டரில் 15 பேர்தான். காரணம் என்னன்னா, தப்பிக்கிற கதவு. ஹேலிஃபாக்ஸில் அதன் அகலம் 24 அங்குலம். லங்காஸ்டரில் 22. அந்த ரெண்டு அங்குலம் பல ஆயிரம் உயிர்களைப் பறிச்சிருக்கும்னு டைசன் பின்னாளில் எழுதினார்.

ரெண்டு அங்குலம் காகிதத்தில் ஒண்ணுமே இல்லை. ஆனா அளவு பிசகாமல் கட்டிய ஒரு மூக்குக்குள் ஆளை நிறுத்திப் பாருங்க. இருட்டு. விமானம் சுழலுது. தடிச்ச உடுப்பு, மேலே பாரசூட் கட்டு. விமானிக்குக் கீழே வயர்லெஸ்காரர், அவருக்கு முன்னாடி நேவிகேட்டர். தரையில் இருக்கும் அந்தக் கதவு வழியா ஒவ்வொருத்தரா இறங்கணும். எல்லாரும் போகிறவரை ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு விமானி காத்திருக்கணும். அப்பதான் 24க்கும் 22க்கும் உள்ள வித்தியாசம் தோள்பட்டைக்குப் புரியும். துருப்பிடிச்ச சிதைவு அதைச் சொல்லாது, புத்தகமும் சொல்லாது.

பாம்பர் கமாண்டில் பறந்த சுமார் 1,25,000 பேரில் 55,573 பேர் செத்தாங்க. ஹாம்பர்க் மாதிரி நகரங்களில் அவங்க போட்ட குண்டுக்குக் கீழே எரிஞ்சவங்களும் பல்லாயிரம். அந்தப் பாவத்தைக் கழுவ ஒரு காக்பிட்டால் முடியாது, கழுவணும்னும் நான் சொல்லலை. போரை வரைபடத்துல அம்புக்குறி போட்டுப் படிச்சுப் பழகின நமக்கு, உள்ளே ஒரு மனுஷன் எவ்வளவு இடத்துல உட்கார்ந்திருந்தான்னு அது காட்டுது. சம்பளம் வாங்காம ரிவெட் அடிச்சவங்களுக்கு அது போதும்னுதான் நினைக்கிறேன்.

நீங்க எந்தக் கட்சி? ஹெண்டனா, டிரென்டனா, எல்விங்டனா? சொல்லிட்டுப் போங்க.