பினாங்குக் கொடிமலைப் பாதுகாப்பு இயக்கம்

மலேசியாவின் ஜார்ஜ்டவுன் நகரை ஒட்டிய கொடிமலைக் காட்டைக் காப்பாற்ற, 1990இல் நகர மக்கள் நடத்திய கூட்டு இயக்கம். சுமார் 830 மீட்டர் உயரமுள்ள இம்மலை, நகரின் முக்கிய நீர்ப்பிடிப்புப் பகுதிகளுள் ஒன்று. 1923 முதல் இழுவை ரயில் ஓடுகிறது.

1990இல் மலைமேல் தங்கும் விடுதிகள், கேளிக்கைப் பூங்கா, கோல்ப் திடல், கடைத்தொகுதி ஆகியவற்றை அமைக்கும் தனியார் திட்டம் வெளியானது. எஸ். எம். முகமது இத்ரிஸ் தலைமையிலான பினாங்கு பயனீட்டாளர் சங்கம், சஹாபாட் ஆலம் மலேசியா, பினாங்கு மரபுடைமை அறக்கட்டளை, மலேசிய இயற்கைக் கழகம் முதலியவை 'கொடிமலை நண்பர்கள்' என ஒன்றுசேர்ந்தன. கையெழுத்து திரட்டியதோடு அவர்கள் நிற்கவில்லை. காடு அழிந்தால் சரிவு மண் என்னாகும், ஓடைநீர் எப்படிக் கலங்கும், மலையடிவாரக் குடியிருப்புகளுக்கு என்ன நேரும் என்று துறை வல்லுநர்களைக் கொண்டு ஆராய்ந்து, திட்டத்தின் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்கள். இயக்கத்தின் உண்மையான பலம் இந்த உழைப்புதான். 1991இல் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை நிராகரிக்கப்பட்டது, திட்டமும் கைவிடப்பட்டது.

ஆனால் பினாங்குத் தீவின் மற்றச் சரிவுகளில் கட்டுமானம் ஓயவில்லை. 2017 அக்டோபரில் தஞ்சோங் பூங்கா கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் மாண்டனர். குடிமக்கள் எச்சரிக்கைக்குத் திட்ட அனுமதியின்போதே செவிசாய்க்க வேண்டும். உயிர் போன பிறகு அல்ல.

2021 செப்டம்பரில் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது.