படிமுறைத் தேர்தலும் தோட்டத் தமிழரும்: நெகிரி செம்பிலான் வரலாற்றில் ஒரு நோக்கு

நாட்டுத் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்காமல் வேறு சிலர் வழியாகத் தேர்ந்தெடுப்பது மறைமுகத் தேர்தல் எனப்படும். இந்தியக் குடியரசுத் தலைவரை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பது இதற்குத் தெரிந்த சான்று. மலேசியாவில் இதற்குத் தொன்மையான சான்று நெகிரி செம்பிலான் மாநிலமாகும். அங்குள்ள ரப்பர்த் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழர்க்கு இம்முறையில் என்ன இடம் இருந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

அடாட் பெர்பாத்தே

சுமத்திராவின் மினாங்கபாவ் மக்கள் கொணர்ந்த தாய்வழி மரபே அடாட் பெர்பாத்தே. இதன்படி, குடும்பக் கிளையினர் தம் புவாப்பாக்கைத் தேர்வர். புவாப்பாக்குகள் குலத்தலைவரான லெம்பாகாவையும், லெம்பாகாக்கள் உண்டாங்கையும் தேர்வர். சுங்கை ஊஜோங், ஜெலுபு, ஜொகோல், ரெம்பாவ் ஆகிய நான்கின் உண்டாங்குகளும் கூடி மாநில ஆட்சியாளரான யாங் டி பெர்துவான் பெசாரைத் தேர்ந்தெடுப்பர். தேர்வோர் தாமே அப்பதவிக்கு வர இயலாது. அரச மரபினரே வேட்பாளராவர்.

மகன் என்பதனால் மட்டும் அரியணை கிட்டுவதில்லை. 1967-இல் துங்கு முனாவிர் மறைந்தபோது இளைஞரான அவர் மகன் துங்கு முக்ரிஸை விடுத்து, துங்கு ஜாஃபரை உண்டாங்குகள் தேர்ந்தெடுத்தனர். 2008-இல் துங்கு ஜாஃபர் மறைந்தபின், அவர்தம் மைந்தரை விடுத்துத் துங்கு முக்ரிஸையே தேர்ந்தனர்.

மாமன்னர் தேர்வும் இம்மாநிலத்தோடு தொடர்புடையது. ஒன்பது மாநில ஆட்சியாளர்களும் மறைவாக வாக்களிப்பர். ஐந்து வாக்குகளேனும் பெற்றவரே ஐந்தாண்டுகளுக்கு மாமன்னராவார். 1957 ஆகஸ்டு 3-இல் நிகழ்ந்த முதல் தேர்தலில் நெகிரி செம்பிலானின் துங்கு அப்துல் ரகுமான் தேர்வு பெற்றார்.

தோட்டத்தின் படிவரிசை

கம்பத்தில் அதிகாரம் கீழிருந்து மேலே சென்றது. அருகிருந்த தோட்டத்திலோ அது மேலிருந்து கீழே வந்தது. துரை, கிராணி, கங்காணி ஆகிய எவரையும் பால்மரம் வெட்டிய தொழிலாளி தேர்ந்தெடுக்கவில்லை. 1954-இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. தம் தலைவரைத் தாமே தேரும் பழக்கத்தைத் தோட்டப் பாட்டாளிகளிடையே வளர்த்ததில் தொழிற்சங்கங்களுக்குப் பெரும் பங்குண்டு.

வாக்குரிமை எளிதில் வாய்க்கவில்லை. 1955 பொதுத் தேர்தலில் கூட்டரசுக் குடிமக்களே வாக்களிக்கலாம் என்றிருந்தமையால், வாக்காளர்களுள் இந்தியர் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. 1957 அரசமைப்பு, விடுதலை நாள் முதல் இம்மண்ணில் பிறந்தோரைக் குடிமக்களாக ஏற்றது. ஆனால் அதற்கு முன் பிறந்தோருட் பலர் வசிப்புக் காலத்தையும் மலாய்மொழி அறிவையும் மெய்ப்பித்து விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எழுத்தறிவும் பிறப்புச் சான்றும் அரிதாயிருந்த லயங்களில் இஃது எத்துணைக் கடினம் என்பது எளிதில் உணரத்தக்கது.

முடிவுரை

உண்டாங்கின் பின்னே அவர்தம் குலம் நிற்கின்றது. இந்தியச் சட்டமன்ற உறுப்பினரின் பின்னே வாக்காளர் நிற்கின்றனர். ஆகவே மறைமுகத் தேர்தலை மதிப்பிட விழைவோர், அதன் முதற்படியில் நிற்க உரிமை பெற்றோர் யாவர் என்பதையே முதற்கண் காண வேண்டும். அடாட்டின் படிகள் குலத்தார்க்கு உரியவை. தோட்டத் தமிழர்க்குக் கிட்டிய படி குடியுரிமையே. அப்படியிலும் கால்வைக்க இயலாது நின்றோரின் வரலாறு தனியே ஆராயத்தக்கது.