குறுக்கீடும் மீள்வரவும்: ஒரு சொல்லின் இரு வரலாறுகள்

சென்ற பருவத்தில் நான் கலந்துகொண்ட ஒரு கருத்தரங்கில், முதுகலை மாணவி ஒருவர் "இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு" என்று தொடங்கினார். முதற்காரணத்தை விளக்கிக்கொண்டிருந்தபோதே மூத்த ஆய்வாளர் ஒருவர் குறுக்கிட்டார். விவாதம் அவர் இழுத்த திசையில் போயிற்று, தேநீர் இடைவேளை வந்தது, அமர்வு முடிந்தது. என் குறிப்பேட்டில் '2' என்ற எண்ணும் அதன் எதிரே வெற்றிடமும் மட்டுமே இருக்கின்றன. உரையாடல் ஒலிப்பதிவுகளை எழுத்தாக்கிப் பகுப்பாய்வதே என் அன்றாட வேலை என்பதால் இத்தகைய வெற்றிடங்கள் எனக்குப் புதியவை அல்ல. ஆனால் அன்று மாலை, விடுதியில் உடன் தங்கியிருக்கும் கணினி அறிவியல் ஆய்வாளரிடம் இதைச் சொன்னபோது அவர், "எங்கள் துறையில் இப்படி நடந்தால் அதைக் குறுக்கீடு என்று சொல்லமாட்டோம், பழுது என்போம்" என்றார். அந்த வாக்கியத்தைப் பின்தொடர்ந்து சென்றதன் விளைவே இப்பதிவு.

முதலில் சொற்கள். ஆங்கிலத்தின் 'இண்டரப்ட்' இலத்தீன் வழி வந்தது: 'இன்டெர்' என்றால் இடை, 'ரும்பெரே' என்றால் உடைத்தல். தொடர்ச்சியாக இருந்த ஒன்று நடுவில் முறிகிறது என்பதே அதன் படிமம். தமிழில் இதற்கு ஏறக்குறைய நேரான சொல் இடையறுதல். 'இடையறாத மழை' என்னும்போது இதே படிமத்தை எதிர்மறையில் வைக்கிறோம். இடையூறு வேறு வகை. உறு என்னும் வினையின் முதனிலை நீண்டு ஊறு ஆகிறது. ஊறு தீங்கையும் குறிக்கும், தொடுவுணர்வையும் குறிக்கும். திருக்குறளின் 27ஆம் பாவில் அது தொடுவுணர்வு. 676ஆம் குறளிலோ இடையூறு என்னும் சொல்லே வருகிறது, வினையைத் தொடங்குமுன் எண்ணிப் பார்க்க வேண்டியவற்றுள் ஒன்றாக. மூன்றாவது சொல் இடையீடு. இடு என்பது ஈடு ஆயிற்று. நடுவே ஒன்று வைக்கப்படுகிறது, அவ்வளவே. அதில் உடைவும் இல்லை, தீங்கும் இல்லை. கணினித் தமிழில் குறுக்கீடு, இடைமறிப்பு, இடையூறு ஆகியவையே பெரிதும் வழங்குகின்றன. இடையீடு முன்னுக்கு வராதது எனக்கு ஒரு சிறு வருத்தம்.

முற்காலக் கணிப்பொறிகளில் இப்பொருளில் குறுக்கீடு கிடையாது. அச்சுப்பொறி தன் வேலையை முடித்துவிட்டதா என்று நிரலே திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். இல்லையேல் முடியும்வரை சும்மா காத்திருக்க வேண்டும். மின்னணுப் பகுதிகள் விரைவானவை, இயந்திரப் பகுதிகள் மெதுவானவை. ஆகவே விலையுயர்ந்த காலம் காத்திருப்பில் கரைந்தது. 1954இல் அமெரிக்கத் தேசியத் தர அளவைப் பணியகம் உருவாக்கிய டைசியாக் என்னும் பொறியில் இரண்டு நிரல் எண்ணிகள் இருந்தன. வெளிக்கருவியிடமிருந்து குறிப்பு வந்ததும் பொறி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். 1956ஐ ஒட்டி வந்த யூனிவாக் 1103ஏ பொறியில், காற்றுச் சுரங்கச் சோதனையின் தரவுகள் வரும்போது நடந்துகொண்டிருந்த கணிப்பு அவற்றுக்கு வழிவிட்டது. எது முதல் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. அது இங்கே நமக்கு வேண்டியதும் இல்லை.

வேண்டியது ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஒரு தயக்கம். அங்குள்ள கணித மையத்தில் பணியாற்றிய லூப்ஸ்ட்ராவும் ஸ்கோல்டனும், எக்ஸ்1 என்ற புதிய கணிப்பொறியில் குறுக்கீட்டு வசதியைச் சேர்க்க 1950களின் பிற்பகுதியில் முன்மொழிந்தனர். அதற்கான நிரல்களை எழுத வேண்டியவர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அவர் அஞ்சினார். குறுக்கீடு எந்தக் கணத்தில் வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே அதனால் ஒரு பிழை நேர்ந்தால் அதே பிழையை மீண்டும் வரவழைத்துப் பார்க்கவும் முடியாது. ஓட்டிப் பார்த்துத் திருத்துதல் என்னும் வழி அங்கே அடைபட்டுவிடுகிறது. நண்பர்கள் இருவரும் அவரைப் புகழ்ந்து பேசியே இணங்கவைத்ததாகப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். இணங்கியபின் அவர் எழுப்பிய முதற்கேள்வியே எனக்கு முக்கியமாகப் படுகிறது: குறுக்கிடப்பட்ட பணி, எதுவுமே நிகழாததுபோலத் தன் பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்ப முடியுமா? முடியாது என்று முன்மொழிவை ஆராய்ந்து அவரே காட்டினார். வடிவமைப்பாளர்கள் அதை மாற்ற வேண்டியதாயிற்று. இந்தப் பணியிலிருந்தே அவருடைய 1959ஆம் ஆண்டு முனைவர்ப்பட்ட ஆய்வேடு பிறந்தது. கவனிக்க: அவர் கேட்டது குறுக்கிடுபவரின் அவசரத்தைப் பற்றி அன்று. குறுக்கிடப்படுபவரின் மீள்வரவைப் பற்றி.

அந்த அக்கறை இன்றைய பொறிகளின் அமைப்பிலேயே படிந்துள்ளது. விசைப்பலகையில் ஒரு விசையை அழுத்தியதும் செயலிக்குக் குறிப்பு போகிறது. செயலி அதை உடனே ஏற்பதில்லை. கையிலிருக்கும் கட்டளையை முடித்து, அடுத்த கட்டளைக்குச் செல்லும் எல்லையில்தான் ஏற்கிறது. நீண்ட சரங்களை நகர்த்தும் சில கட்டளைகள் நடுவிலேயே நிறுத்தப்படும். ஆனால் அவற்றுக்கும் விட்ட இடத்திலிருந்து தொடர வழி செய்யப்பட்டிருக்கும். பின்னர் எங்கே விட்டோம் என்பது அடுக்கில் எழுதிவைக்கப்படுகிறது; வந்தவரின் வேலை முடிந்ததும் அங்கிருந்து எடுத்துத் தொடர்கிறது. குறுக்கீடுகளைச் சற்று நேரம் தள்ளிவைக்கவும் செயலியால் முடியும். 1978இல் வந்த இன்டெல் 8086இல் அதற்கென ஒரு தனிக் கட்டளையே உண்டு. தள்ளிவைக்கவே முடியாத குறுக்கீடு ஒன்றும் உண்டு. அது நினைவகப் பழுது போன்ற பேராபத்துகளுக்கு ஒதுக்கப்பட்டது.

கட்டளையின் எல்லை என்றதும் உரையாடல் ஆய்வு பயின்றவர்களுக்கு 1974ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் மூவரும் 'லாங்குவேஜ்' இதழில் எழுதிய கட்டுரை, ஒருவர் பேச்சு முடியக்கூடிய இடங்களையும் அங்கே முறை கைமாறுவதையும் விவரித்தது. அந்த இடத்திற்கு அருகே இருவர் பேச்சு மோதினால் அது மேற்பொருந்தல். அதைக் கடந்து உள்ளே புகுந்தால்தான் குறுக்கீடு என்று ஸிம்மர்மனும் வெஸ்ட்டும் 1975இல் வரையறுத்தனர். இந்த அளவுகோலை வைத்தால் கணிப்பொறியில் நிகழ்வது பெரும்பாலும் குறுக்கீடே அன்று! உரிய இடத்திற்குக் காத்திருந்து வருகிறது. சொல்லை நடுவில் வெட்டுவதில்லை. அவ்விருவரும் ஆராய்ந்த ஆண்–பெண் உரையாடல்களில் 48 குறுக்கீடுகள் இருந்தன. அவற்றுள் 46 ஆண்கள் செய்தவை. பதிவுகள் மிகச் சிலவே என்று பின்வந்தோர் கேள்வி எழுப்பியது நியாயம். ஒருவர்மேல் ஒருவர் பேசுவதே சில குழுக்களில் ஈடுபாட்டின் அடையாளம் என்று டெபோரா டானன் 1984இல் காட்டியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் இந்த விவாதம் பெரும்பாலும் யார் உட்புகுந்தார் என்று எண்ணுவதிலேயே நின்றது. வெட்டப்பட்ட வாக்கியம் பிறகு முடிக்கப்பட்டதா என்று எண்ணியிருந்தால், ஈடுபாட்டையும் ஆதிக்கத்தையும் பிரித்தறிவது எளிதாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

நம் இலக்கண மரபில் இதற்கு ஒரு சொல் உண்டு: நன்னூல் கூறும் இடைப்பிறவரல். எச்சம் ஒன்று தான் கொண்டு முடியும் சொல்லை அடையுமுன் வேறு சொற்கள் நடுவே வரலாம். 'அவள் எழுதிய அந்த நீண்ட பழைய கடிதம்' என்பதில் 'எழுதிய' காத்திருக்கிறது. மூன்று சொற்கள் கடந்தபின் கடிதத்தை அடைகிறது. ஆனால் ஏற்புடையவை மட்டுமே நடுவில் வரலாம் என்பது பவணந்தியாரின் நிபந்தனை. 'அவள் எழுதிய தம்பி அனுப்பிய கடிதம்' என்றால், 'எழுதிய' தம்பியைப் பற்றிக்கொண்டு கடிதத்தை வந்தடையாமற்போகிறது. டைக்ஸ்ட்ரா கேட்ட கேள்வியை இந்த நூற்பாவின் அருகில் வைத்துப் பார்க்கிறேன். இடையீடு என்ற சொல்லுக்காக நான் வாதிடுவதும் இதனாலேயே.

மக்களவை விவாதங்களின் அச்சுப் பதிவைப் புரட்டியவர்கள் அறிவார்கள்: அவையில் கூச்சல் எழும் இடங்களில் அடைப்புக்குறிக்குள் ஆங்கிலத்தில் 'இண்டரப்ஷன்ஸ்', இந்தியில் 'வ்யவதான்'. பல நேரங்களில் யார் குறுக்கிட்டார், என்ன சொன்னார் என்பது அங்கே இல்லை. அதைவிட என் கண்ணை உறுத்துவது அதற்கு முந்தைய வரி. உறுப்பினரின் வாக்கியம் பாதியில் நிற்கிறது; அடைப்புக்குறிக்குப் பின் அவர் புதிய வாக்கியம் தொடங்குகிறார், அல்லது அவைத்தலைவர் அடுத்தவரை அழைக்கிறார். விட்ட இடம் எந்த அடுக்கிலும் இல்லை. எதிர்ப்பைத் தெரிவிக்க வேறு வழியற்றபோது குறுக்கிடுவது உறுப்பினரின் உரிமை என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. தள்ளிவைக்க முடியாத குறுக்கீடுகள் அவைக்கும் தேவை. இப்போது நான் எழுத்தாக்கும் பதிவுகளில் குறுக்கீட்டைக் குறிப்பதோடு, வெட்டப்பட்ட வாக்கியம் எத்தனை முறைகளுக்குப் பின் மீண்டது, அல்லது மீளவே இல்லை என்பதையும் தனிப் பத்தியில் குறித்துவருகிறேன்.

அந்த மாணவிக்கு நேற்று மின்னஞ்சல் அனுப்பி இரண்டாவது காரணத்தைக் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால், அவர் இசைவுடன் இங்கேயே சேர்க்கிறேன்.